பனிக்கட்டியில் லென்ஸ் செய்து நெருப்பு மூட்டுவது

கிரீன்லாந்து கடலுக்குத் திமிங்கில வேட்டைக்குப் போய்வந்த விட்பி நகரத்துக் கேப்டன் வில்லியம் ஸ்கோர்ஸ்பி, ஆர்க்டிக் பற்றி 1820இல் வெளியிட்ட நூலில் இதை விவரிக்கிறார். தெளிந்த பனிக்கட்டியைக் கோடரியால் செதுக்கி, கத்தியால் சுரண்டி, கம்பளிக் கையுறையில் தாங்கிப் பிடித்து, கையின் சூட்டிலேயே மெருகேற்றினார். அதைக்கொண்டு மாலுமிகளின் புகைக்குழாயைப் பற்றவைத்தார், ஈயத்தையும் உருக்கினார்.

எல்லாம் பனிக்கட்டியின் தெளிவைப் பொறுத்தது. கடல்நீர் உறைந்தது உதவாது. உள்ளே சிக்கிய உப்புநீரால் மங்கலாக இருக்கும். அவர் தேர்ந்தெடுத்தது நன்னீர் ஐஸ். கடலில் மிதக்கும்போது கருப்பாகத் தெரியும் அது, வெளியே எடுத்தால் பச்சை சாயலோடு கண்ணாடிபோல் இருக்கும்.

வீட்டில் செய்ய, மூடியில்லாத தெர்மோகோல் பெட்டியில் 12 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். மேலிருந்து கீழாக உறையும்போது காற்று அடியில் ஒதுங்கும். அடியில் மூன்றில் ஒரு பங்கு உறையாமல் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பொதுவாக ஒரு நாள் ஆகும். முழுக்க உறையவிட்டால் அடிப்பகுதி வெள்ளையாகிவிடும். கொதித்து ஆறிய நீர் கொஞ்சம் உதவும், ஆனால் உறையும் திசைதான் முக்கியம்.

எடுத்ததும் வெட்டாதீர்கள், விரிசல் விடும். மேல் வெண்பூச்சு மறைந்து ஈரமாகும் வரை கால் மணி நேரம் பொறுங்கள். பிறகு 10 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனத்தில் வட்டமாக அறுங்கள்.

வளைவுக்கு, அடி தட்டையாக இல்லாத சின்ன வாணலி போதும். வாய் அகலம் 16, ஆழம் 4 செ.மீ. இருந்தால் வளைவின் ஆரம் 10 செ.மீ. வாணலியை வெதுவெதுப்பாக்கி, வில்லையை அதில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் பள்ளம் விழும். உருகிய நீரை அவ்வப்போது கொட்டுங்கள். இரு பக்கமும் முடிந்தால் குவியத் தூரம், அதாவது லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரையான தூரம், சுமார் 16 செ.மீ. பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) 1.31தான் என்பதால், அதே வளைவுள்ள கண்ணாடி லென்ஸைவிட இந்தத் தூரம் அதிகம்.

கம்பளித் துணியில் பிடித்து, உச்சி வெயிலில் கருப்புக் காகிதத்தில் குவியுங்கள். லென்ஸ் வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒளி ஐஸைக் கடந்துபோகிறது, அதிகம் சூடாக்குவதில்லை. ஸ்கோர்ஸ்பியின் மாலுமிகள் வியந்தது இதைத்தான். நம் ஊரில் ஐஸை உருக்குவது சுற்றியுள்ள காற்று. ஆகவே காகிதத்தை முன்பே தயாராக வையுங்கள். ஒளிப்புள்ளி பரந்தே தெரிந்தால் தூரத்தை மாற்றிப் பாருங்கள். அப்போதும் குறுகாவிட்டால் மேற்பரப்பு அலையலையாக இருக்கிறது, மறுபடி வாணலியில் சுழற்ற வேண்டியதுதான்.