கடைசிக் கோடு முதலில்: கண்ணாடியின் பின்புறத்தில் ஓவியம் தீட்டும் முறை

குரோஷியாவில், திராவா ஆற்றுச் சமவெளியில் உள்ள ஹ்லெபினே என்னும் சிற்றூரில் 1914-இல் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்த இவான் கெனெராலிச், ஓவியப் பள்ளியில் பயின்றவர் அல்லர். 1930-இல் ஓவியர் கிர்ஸ்தோ ஹெகெடுஷிச் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். அடுத்த ஆண்டே அவருடைய படங்கள் சாக்ரெப் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஹ்லெபினே வட்டாரத்து வீடுகளில் புனிதர்களின் உருவங்களைக் கண்ணாடியின் பின்புறம் தீட்டி மாட்டும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. அந்த முறையையே கையிலெடுத்து, உழவு மாடுகளையும் பனி மூடிய வயல்களையும் பவளக்கொத்துபோல் கிளை விரித்த மரங்களையும் அவர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 1959-இல் வரைந்த 'மான்களின் திருமணம்' அவருடைய புகழ்பெற்ற படங்களுள் ஒன்று.

இம்முறையைக் கற்க விரும்புவோர் 3 மி.மீ. தடிமனுள்ள, குமிழியோ கீறலோ இல்லாத சாதாரணக் கண்ணாடியை வாங்கி, அதன் கூரான விளிம்புகளை ஈரமான உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். பிறகு சோப்பு நீரில் கழுவி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, விளிம்பை மட்டுமே பிடித்துத் தூக்க வேண்டும். கண்ணாடி வண்ணத்தை உறிஞ்சாது என்பதால், விரல்ரேகையின் எண்ணெய்ப்பசை இருக்கும் இடத்தில் வண்ணம் சரியாக ஒட்டாமல் பின்னாளில் உரிந்துவரும்.

மாதிரிக் கோட்டோவியத்தை டிரேஸிங் தாளில் வரைந்து, அதை மறுபுறம் திருப்பிக் கண்ணாடிக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். நாம் தீட்டும் பக்கம் படத்தின் முதுகு. பார்ப்பவர் மறுபக்கமிருந்துதான் பார்ப்பார். திருப்பாமல் வைத்தால், இடப்பக்கம் பார்க்கும் மாடு முடிந்த படத்தில் வலப்பக்கம் பார்க்கும். என் முதல் படத்தில் இதையெல்லாம் கவனித்துவிட்டு, கையெழுத்தை மட்டும் வழக்கம்போல் போட்டுவைத்தேன். கண்ணாடியைத் திருப்பியபோது என் பெயரை எனக்கே படிக்கத் தெரியவில்லை.

உண்மையான கடினம் வரிசையில்தான் இருக்கிறது. துணியில் தீட்டுபவர் கடைசியில் வைக்கும் புள்ளியை இங்கே முதலில் வைக்க வேண்டும். ஒரு மாட்டின் கண்ணை எடுத்துக்கொள்வோம்: முதலில் கருவிழியில் மின்னும் ஒளிப்புள்ளிக்கு வெள்ளை, அது காய்ந்தபின் அதன்மேலேயே கருவிழிக்குக் கறுப்பு, அடுத்து இமையோரக் கோடு, அதன்பின்தான் முகத்தின் தவிட்டு நிறம். ஒளிப்புள்ளியை மறந்துவிட்டுக் கறுப்பைப் பூசினால், பிறகு எவ்வளவு வெள்ளை வைத்தாலும் அது கறுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பிளேடால் சுரண்டித் திரும்பத் தொடங்குவதைத் தவிர வழியில்லை. மரத்திற்கும் இதே கணக்குதான்: இலையின் ஒளி, இலை, கிளை, தொலைவுக் குன்று, எல்லாவற்றுக்கும் கடைசியாக வானம். தூரிகையைத் தொடுமுன் இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது வீண்வேலை அன்று.

ஒவ்வொரு பூச்சும் நன்கு காய்ந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். எண்ணெய் வண்ணம் காய நாட்கள் ஆகும் என்பதால், தொடக்கநிலையினருக்கு ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் எனாமல் பெயிண்டே ஏற்றது என்பது என் கருத்து. அதில் தின்னரைத் தாராளமாக ஊற்றினால் புதிய பூச்சு அடியிலுள்ள பழைய பூச்சைக் கரைத்துவிடும். அவ்வப்போது கண்ணாடியைத் திருப்பிப் பாருங்கள். முதுகுப்பக்கம் அலங்கோலமாகத் தெரிவது இயல்பு. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர்கள் நகைப்பகுதிகளை வண்ணமின்றி விட்டுவிட்டு, பின்னால் பொன்னிறத் தாளை வைத்து மினுங்கச் செய்தனர். அதையும் முயன்று பார்க்கலாம்.

சட்டம் போடும்போது வண்ணப்பக்கத்துக்கும் பின்பலகைக்கும் இடையே சிறிது இடைவெளி விடச் சொல்லுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டால், என்றாவது சட்டத்தைப் பிரிக்கும் நாளில் வானம் பலகையோடு போய்விடும்.