ஓரத்துக் கம்பிகள் ஒட்டாதது ஏன்?

துகள்களை மோதவிட்டு ஆராயும் பெரும் ஹேட்ரான் மோதுவியின் (LHC) மேம்பாட்டுக்காக எங்கள் ஆய்வகத்தில், துகள்களின் தடத்தைக் கண்டறியும் சிலிக்கான் உணர்விகளைக் கட்டமைத்துக்கொண்டிருந்தோம். உணர்வியின் ஒவ்வொரு பட்டையையும் சிப்புடன் இணைப்பது 25 மைக்ரான் அலுமினியக் கம்பி, தலைமுடியைவிட மெல்லியது. மீயொலி அதிர்வால்தான் அது ஒட்டும்.

உணர்வியும் அதன்மேல் ஒட்டிய சிப்புப் பலகையும் சேர்ந்த ஒரு தொகுதியில் வலது ஓரத்துக் கம்பிகள் மட்டும் ஒட்டவேயில்லை. இயந்திரத்தின் முனை மேலெழும்போது கம்பியும் கூடவே வந்துவிடும். அதிர்வின் வலிமையைக் கூட்டினேன். அது தவறு, கம்பியின் அடி நசுங்கி, கழுத்தில் அறுந்தது. முனையை மாற்றியும் பயனில்லை. நுண்ணோக்கியில் பொறுமையாகப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: முனை தொட்டதும் சிப்புகள் இருந்த பலகையின் விளிம்பே லேசாக அமுங்கியது. பக்கவாட்டில் விளக்கைக் காட்டினால் அடியில் மயிரிழை போல ஒளிக்கீற்று. பலகையை உணர்வியோடு ஒட்டும் பசை அதுவரை பரவவில்லை. பலகையும் சேர்ந்து அதிர்ந்ததால் ஒட்டுவதற்கு வேண்டிய ஆற்றல் வீணாகியிருக்கிறது.

மெல்லிய ஊசியால் அந்த இடுக்கில் எப்பாக்சிப் பசையைச் செலுத்தினேன். உணர்வியின் விளிம்பைச் சுற்றி மின்கசிவைத் தடுக்கும் காப்பு வளையத்தின்மேல் வழிந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை அது. ஒரு நாள் முழுக்க இறுகவிட்டேன். மறுநாள் பழைய வலிமையிலேயே எல்லாக் கம்பிகளும் ஒட்டின. சோதனைக்காகக் கொக்கியால் இழுத்துப் பார்த்த சில கம்பிகள் 9, 10 கிராம் வரை தாங்கின. அதுமுதல், பசை போதுமான அளவு இருக்கிறதா என்று அறிய, அதைத் தடவுவதற்கு முன்னும் பின்னும் பலகையை எடைபோட்டுக் குறித்துக்கொள்கிறேன்.