மழை நாளில் இசை நகைச்சுவைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன நவம்பரில் அலுவலகத்துப் பிள்ளைகள் நாலு பேர், பாட்டும் கதையுமாகச் சிரிக்கவைக்கும் இசை நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றுக்கு டிக்கெட் வாங்கியிருந்தார்கள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. "மழைதானே அண்ணா, எப்படியும் லேட்டாத்தான் ஆரம்பிப்பாங்க" என்று டீக்கடையில் நின்றார்கள். சில வருடங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் எழுதுகிறேன். குடை எடுங்கள், டிக்கெட்டை மறக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதல் பத்து நிமிடத்தைத் தவறவிடுவது

கர்நாடகக் கச்சேரிக்கு அரைமணி தாமதமாகப் போனால் வர்ணம் போகும், ஒரு கீர்த்தனை போகும். மெயின் ராகத்துக்கு வந்து உட்கார்ந்தாலும் மனசு நிறையும். மெல்லிசையில் ஒரு பாட்டு போனால் அடுத்த பாட்டு இருக்கிறது. இசை நகைச்சுவையில் அந்தச் சலுகை கிடையாது. மேடைக்கு வருபவர் முதலில் ஒரு மெட்டையும் ஒரு சின்னக் கதையையும் நம் காதில் போட்டு வைப்பார். அப்போது பெரிய சிரிப்பு எழாது. ஒன்றரை மணி நேரம் கழித்து ஆர்மோனியத்தில் அதே மெட்டின் மூன்று ஸ்வரங்களை மட்டும் தொடுவார். அரங்கமே அதிரும்.

இது புது உத்தி இல்லை. என். எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபம் செய்தபோது, எதிரே இருந்தவர்கள் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தைக் கேட்டு ஊறியவர்கள். நந்தனார் சிதம்பரம் போகத் துடித்தார், கிந்தனார் படிப்பதற்காகப் பட்டணம் போகத் துடித்தார். மூலம் காதில் இருந்ததால்தான் சிரிப்பு வந்தது. 1949இல் 'நல்லதம்பி' படத்திலும் அது இடம்பெற்றது. இன்று மேடை நகைச்சுவைக் கலைஞர் அலெக்சாண்டர் பாபு சினிமாப் பாட்டுகளைப் பாடிக்கொண்டே கதை சொல்லும்போதும் பாதி வேலையை நம் ஞாபகம்தான் செய்கிறது. ஆனால் அன்றைய மேடைக்கென்றே சொல்லப்படும் கதை நம் ஞாபகத்தில் ஏற்கெனவே இருக்காது. அதை அந்த முதல் பத்து நிமிடத்தில் மட்டும்தான் வாங்கிக்கொள்ள முடியும்.

சில வருடங்களுக்கு முன்னால் என்றேனே, அந்த மழை நாளில் திருநெல்வேலியிலிருந்து அப்பா சென்னைக்கு இரண்டு நாள் வந்திருந்தார். சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்தவர், முன்னிசை தொடங்கியதுமே படத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். அவர் ரசிப்பார் என்றுதான் டிக்கெட் எடுத்தேன். வீடு மேற்கு மாம்பலம், அரங்கு தேனாம்பேட்டைப் பக்கம். பக்கம்தானே, எப்படியும் லேட்டாகத்தான் ஆரம்பிப்பார்கள் என்று 7 மணி நிகழ்ச்சிக்கு 6.20க்குக் கிளம்பினோம். துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர். சுற்றிப் போனோம், கோடம்பாக்கம் மேம்பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. உள்ளே நுழைந்தபோது 7.25.

நடுவில் நன்றாகத்தான் சிரித்தோம். கடைசியில் மேடையில் இருந்தவர் ஒரு பழைய பாட்டின் முதல் அடியை எடுத்தார், அவ்வளவுதான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அப்பாவுக்கு அந்தப் பாட்டு தெரியும், படம் தெரியும், ராகமும் தெரியும். என் பக்கம் திரும்பி, "எதுக்குல இப்படிச் சிரிக்காங்க?" என்றார். எனக்கும் தெரியவில்லை. டிக்கெட் காசு போனதை மறந்துவிட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

ஆகவே மழை நாளில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் வையுங்கள். அண்ணா சாலைப் பக்கம் அரங்கு என்றால் மெட்ரோவில் போங்கள். காபியை அரங்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகு குடிக்கலாம். அதையும் மீறித் தாமதமானால், ஒரு பாட்டு முடியும்வரை கதவருகே நின்றுவிட்டு அப்புறம் இருக்கைக்குப் போங்கள்.

தகரக் கூரையின் கீழ் ஓரமாக உட்காருவது

வெறும் பாட்டுக் கச்சேரியில் சொல் கேட்காவிட்டாலும் மெட்டு மிஞ்சும். சிரிப்புப் பாட்டில் சொல் போனால் எல்லாம் போயிற்று. தகரத்தில் மழை இரையும்போது முதலில் அமுங்குவது 'ச', 'த' போன்ற மெய்யொலிகள். சிலேடையோ பெரும்பாலும் ஒரே எழுத்தில்தான் நிற்கிறது. அந்த ஓர் எழுத்து காதில் விழாவிட்டால் பக்கத்து ஆள் சிரிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தகரக் கூரைப் பந்தல் என்று தெரிந்தால் ஓரத்தில் மலிவாகக் கிடைக்கும் இருக்கையை விட்டுவிட்டு, ஒலிபெருக்கிக்கு நேராக, நடுவில் வாங்குங்கள்.

திறந்தவெளி நிகழ்ச்சிக்குச் செய்தி பார்க்காமல் கிளம்புவது

2023 ஆகஸ்ட் 12 அன்று பனையூரில் நடக்க வேண்டிய ஏ. ஆர். ரகுமான் கச்சேரியே மழையால் செப்டம்பர் 10க்குத் தள்ளிப்போனது. கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். டிக்கெட்டை அழித்துவிடாதீர்கள்.

வசனத்தை முந்திச் சொல்வது

அதே நிகழ்ச்சியை ஓடிடியில் பத்து முறை பார்த்திருக்கலாம். வாயைத் திறக்காதீர்கள்.

கைபேசியில் படம் பிடிப்பது

வேண்டாம். அடுத்த ஊரில் அவர் சொல்ல வேண்டிய நகைச்சுவை அது.

திரும்பும்போது அவசரப்படுவது

துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம் சுரங்கப்பாதைகளை மழை இரவில் நம்பாதீர்கள். வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் செலவு பெரிது. தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள். அன்று நாங்கள் மறுபடியும் மேம்பாலம் வழியாகவே சுற்றி வந்தோம். அப்பா வழியெல்லாம் அந்த ஓர் அடியை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.