கும்பகோணத்தில் மூன்று நாள்: கோயிலும் ஓய்வும் உணவும் நிறையத் தங்குவது எப்படி

கும்பகோணத்துக்குக் கோயில் பார்க்க வருவோரில் பலர் விடியலில் வண்டி ஏறி, இரவு வரை ஊர் ஊராக ஓடி, எந்தக் கோயிலில் எதைக் கண்டோம் என்று பிரித்துச் சொல்ல முடியாத களைப்போடு ஊர் திரும்புகின்றனர். இப்பகுதிக் கோயில்களில் பெரும்பாலானவை பகல் பன்னிரண்டு அல்லது பன்னிரண்டரை மணிக்கு நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறக்கின்றன. அந்த இடைவேளையை வழியில் எங்கோ காரிலோ மண்டப நிழலிலோ கழிப்பதால்தான் பயணம் சுமையாகிறது. மாறாக, அதையே நாளின் நடுப்பகுதியாக வைத்துத் திட்டமிடுங்கள்: காலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில், இடைப்பட்ட பகல் முழுவதும் தங்குமிடம். மூன்று இரவுகள் தங்கினால் இந்த ஒழுங்கு நன்றாக அமையும்.

எந்த மாதத்தில் செல்வது என்பதை வெயிலோடு வயலையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஆற்றங்கரையிலோ வயலோரத்திலோ உள்ள ரிசார்ட்டின் அழகில் பாதி, நீரும் பயிரும் தருவது. இப்பகுதிப் பாசனத்துக்காகக் காவிரியின் மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவதே மரபு. கோடையில் காவிரி மணலாகக் கிடக்கும், வயல்கள் வெறுமையாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சம்பாப் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும், ஆனால் வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். மார்கழிப் பிற்பகுதியிலிருந்து மாசி வரையான நாட்களே எல்லா வகையிலும் ஏற்றவை. மார்கழியில் விடியற்காலைக்கு முன்பே நடை திறப்பதால், வழிபாட்டை முடித்துவிட்டுச் சிற்றுண்டிக்கு விடுதி திரும்பும் வாய்ப்பும் கிடைக்கும்.

சென்னையிலிருந்து இரவு நேர ரயிலில் வந்தால் விடிவதற்குள் கும்பகோணத்தில் இறங்கலாம். விமானத்தில் வருவோர் திருச்சியில் இறங்கிச் சாலை வழியே வர வேண்டும். ரயிலில் வருவோர் காலையிலேயே அறை கிடைக்குமா என்பதை முன்னதாகக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது, ஏனெனில் பல விடுதிகளில் நண்பகலுக்குப் பிறகே அறை தருவார்கள்.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீச்சல்குளத்தின் படத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் தொலைபேசியில் சில கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது. நாளுக்கு இருமுறை வெளியே சென்று வரவேண்டியிருப்பதால், அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடத்தைத் தவிர்ப்பதே என் பரிந்துரை. சுவாமிமலைப் பக்கமும் தாராசுரம் பக்கமும் இந்த வகையில் வசதியானவை. இரண்டாவது, சமையலறையைப் பற்றியது. சில விடுதிகள் முழுச் சைவமாக நடக்கின்றன. சிலவற்றில் எல்லா ஊர்களிலும் கிடைக்கும் அதே பன்னீரும் நாணும்தான் கிடைக்கும். முன்தினமே சொன்னால் தஞ்சாவூர்ப் பக்கத்து இலைச் சாப்பாடு சமைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். அதற்கு உற்சாகமாக மறுமொழி சொல்லும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். ஓடு வேய்ந்த கூரையும் திண்ணையும் முற்றமும் கொண்ட பழைய வீடுகளின் பாங்கில் கட்டப்பட்ட அறைகள் கிடைத்தால், பகல் வெப்பத்திலும் அவை இதமாக இருக்கும்.

முதல் நாள் மாலையை நகரக் கோயில்களுக்கு ஒதுக்குங்கள். ஆதிகும்பேசுவரர், சாரங்கபாணி, சக்கரபாணி, இராமசாமி, நாகேசுவரர் என எல்லாம் அருகருகே இருப்பதால் அனைத்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிடத் தோன்றும், இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாரங்கபாணி கோயிலின் கருவறை குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேராக அமைந்தது. வைணவ ஆசாரியர் நாதமுனிகள் ஆழ்வார் பாடல்களான நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுக்கக் காரணமாயிருந்த ‘ஆராவமுதே’ எனத் தொடங்கும் நம்மாழ்வார் பாசுரம் இத்தலத்துப் பெருமாளைப் பாடியது என்பதை நினைவில் வைத்துச் சென்றால், அந்தச் சந்நிதியில் நிற்பதற்குத் தனி நிறைவு உண்டு. நாகேசுவரர் கோயிலில் கருவறைப் புறச்சுவர்களை நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். முற்காலச் சோழர் சிற்பங்களில் இங்குள்ள ஆண், பெண் உருவங்களுக்கு இணையானவை மிகக் குறைவு. கூட்டம் அவற்றைக் கவனிக்காமல் கடந்து செல்வது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

இரண்டாம் நாள் காலை முழுவதும் தாராசுரத்துக்கு உரியது. இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலை, கங்கைகொண்ட சோழபுரத்தோடு சேர்த்து, 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நடை திறந்ததும் சென்றுவிட்டால் தரையின் கல் குளிர்ந்திருக்கும். பதினொரு மணிக்கு மேல் வெறுங்காலோடு அங்கு நடப்பது முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கடினம். சக்கரமும் குதிரையும் பூட்டிய மண்டபத்தைக் கண்டபின், கருவறையைச் சுற்றிய அடித்தளத்தில் சிறு சிறு கட்டங்களாகச் செதுக்கப்பட்ட நாயன்மார் வரலாறுகளைப் பார்க்க வேண்டும். அவை கையகல அளவே ஆனவை. குனிந்தோ உட்கார்ந்தோதான் பார்க்க முடியும். பெரியபுராணக் கதைகளை ஓரளவு படித்துவிட்டுச் சென்றால், கல்லில் இருப்பது யாருடைய கதை என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். இதற்கு இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். கோயில் தாழ்ந்த நிலத்தில் உள்ளதால் பெருமழைக்குப் பின் முற்றத்தில் நீர் தேங்குவதுண்டு. மழைக்காலத்தில் விசாரித்துக்கொண்டு செல்லுங்கள்.

பிற்பகல் ஓய்வுக்குப் பின் சுவாமிமலை முருகன் கோயில். தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயர் தாங்கிய அறுபது படிகளை மாலையில் ஏறுவது எளிது. ஏறுவதற்கு முன், அதே ஊரில் உள்ள வார்ப்புப் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டுச் சிறிது நேரம் நில்லுங்கள். தேன்மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையை அங்கு நேரில் காணலாம். மண் அச்சை உடைத்தே உருவத்தை எடுப்பதால் ஒன்றைப் போல் மற்றொன்று அமைவதில்லை.

மூன்றாம் நாள் தொலைவான கோயில் ஒன்றுக்குச் செல்லலாம். தஞ்சைப் பெரிய கோயிலா, கங்கைகொண்ட சோழபுரமா என்றால், ஓய்வை நாடி வந்தவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். புல்வெளி சூழ்ந்த அந்த வளாகத்தில் நெரிசல் பொதுவாகக் குறைவு. நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம். பரிகாரத்துக்காக வருவோர் அதற்கென்று தனியாக வருவதே முறை. திருநாகேசுவரத்தில் ஞாயிறு மாலை இராகு காலத்திலும், ஆலங்குடியில் வியாழனன்றும், சிவன் கோயில்களில் பிரதோஷ மாலைகளிலும் கூட்டம் மிகும்.

இனி உணவு. காலையில் கோயிலுக்குச் செல்லும் வழியில் ஒரு பழைய காபிக் கடையில் நிறுத்துங்கள். தண்ணீர் கலக்காத பாலும் அப்போது இறக்கிய டிகாக்‌ஷனும் பித்தளை டபரா செட்டில் வருவதே இவ்வூர்க் காபியின் சிறப்பு. நெடுஞ்சாலை ஓரங்களில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்ற பெயர்ப்பலகையோடு விற்பதை வைத்து இதை மதிப்பிடக் கூடாது. சிற்றுண்டிக்குக் கடப்பா கேளுங்கள். வேகவைத்த பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, தேங்காய், கசகசா, சோம்பு அரைத்து ஊற்றிய இந்தக் குழம்பு இட்லிக்கும் தோசைக்கும் உரியது. எல்லாக் கடைகளிலும் எல்லா நாளும் கிடைப்பதில்லை என்பதால் விடுதியிலேயே சொல்லிச் செய்யச் சொல்வது உறுதியான வழி. இலைச் சாப்பாட்டில் வாழைப்பூப் பருப்பு உசிலியும் மோர்க்குழம்பும் இருக்கட்டும், அல்லது மணத்தக்காளி வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும். வாழையும் நெல்லும் விளையும் மண்ணில் அவற்றுக்குள்ள சுவை வேறு. ஒப்பிலியப்பன் கோயிலுக்குச் சென்றால் உப்பில்லாப் பிரசாதத்தைத் தவறாமல் வாங்கிச் சாப்பிடுங்கள்.

எண்ணெய்க் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் பல விடுதிகளில் உண்டு. அதைத் தாராசுரம் சென்று திரும்பிய நண்பகலில் வைக்காமல், மாலை மட்டும் வெளியே செல்லும் நாளின் காலையில், வெறும் வயிற்றோடோ இலேசான உணவுக்குப் பின்னோ வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகலில் உறங்கக் கூடாது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. அன்று மிளகு ரசமும் பருப்புத் துவையலும் போதும். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புறப்படும் நாளில் திருபுவனத்தில் பட்டு வாங்குவோர் தறி உள்ள இடத்தையும் கேட்டுப் பாருங்கள். திருவையாறு வழியாகச் செல்பவர்கள் பாசிப்பருப்பில் செய்யும் அசோகா இனிப்பைச் சூடாக அங்கேயே சாப்பிடுவது மேல். காபித்தூளைக் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில், எவ்வளவு சிக்கரி வேண்டும் என்று சொல்லி, இரண்டு வாரத்துக்குப் போதுமான அளவு மட்டும் வாங்குங்கள். அதற்கு மேல் வைத்தால் மணம் குறைந்துவிடும்.