மரவீட்டுக் கதவு இறுகினதை நான் சரிசெய்த விதம்

ஒன்டாரியோவில எங்கட காணியில நிண்ட வெள்ளை பைன் மரங்களைத் தறிச்சு, பட்டை உரிச்சு, காயவிடாமலே சுவர் அடுக்கிட்டம், அடுத்த வருசமே கதவு திறக்கேலாம இறுகிப்போச்சு. பச்சைமரம் காயக்காய மெலியும், சுவர் உயரத்தில அடிக்கு முக்கால் இஞ்ச் வரை இறங்கும், கதவுநிலை இறங்காதுதானே, முழுப் பாரமும் அதில! நிலையைக் கழட்டி, மேல்மரத்தை வெட்டி 5 இஞ்ச் இடைவெளி விட்டன். வாசல் பக்கத்து மர முனைகளில மேலயிருந்து கீழ வரை நெடுகக் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, அதுக்குள்ள ஒரு சட்டம் நழுவுற மாதிரி வச்சு, நிலையை அந்தச் சட்டத்தில மட்டும் ஆணியடிச்சன், சுவர்மரத்தில ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது, நான் முதல் விட்ட பிழையே அதுதான். இடைவெளிக்குள்ள கம்பளிப்பஞ்சு, வெளியில மூடுபலகை, அதையும் மேல்மரத்தில மட்டும் அடிக்கோணும். ரெண்டு குளிர்காலம் போயிட்டுது, இப்ப எங்கட சின்னவளே ஒரு கையால திறக்கிறாள்.