சர்க்கரை இருப்பவருக்கு எந்த பிரஷர் மாத்திரை?

மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. "என் தம்பி போடுற பிரஷர் மாத்திரையையே எனக்கும் கொடுங்க" என்று வருபவர்களிடம், "சர்க்கரை இருக்கா? சிறுநீரில் அல்புமின்ங்கிற புரதம் போகுதான்னு பார்த்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். அந்த ரிப்போர்ட் கையில் இல்லாமல் டாக்டரிடம் போகாதீர்கள்.

அந்த ரிப்போர்ட்டில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் (கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு) கிராமுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுபடி பார்த்தும் அப்படியே வந்தால், சிறுநீரகத்தில் புரதம் கசிகிறது என்று அர்த்தம். அப்போது ராமிப்ரில், எனலாப்ரில் வகையோ, டெல்மிசார்டான், லோசார்டான் வகையோதான் முதல் தேர்வு. பிரஷரோடு சிறுநீரக வடிகட்டியின் உள்ளழுத்தத்தையும் இவை குறைக்கும். இரண்டு வகையையும் சேர்த்துப் போடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் இரண்டுமே ஆகாது. ராமிப்ரில் போட்டு வறட்டு இருமல் வந்தால் சார்டானுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். உதடோ நாக்கோ வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இந்த மாத்திரையை ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் கட்டாயம் பார்க்க வேண்டும். நிறையப் பேர் தவறவிடுவது இதைத்தான், எனக்கு மனசு பதறுவதும் இதில்தான். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவதை டாக்டர்கள் பெரும்பாலும் எதிர்பார்த்தே இருப்பார்கள். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பொட்டாசியம் கலந்த உப்பு, மூட்டுவலிக்கு வாங்கும் டைக்லோஃபினாக், இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். வாந்தி பேதி என்றால் அன்றே போன் செய்து கேளுங்கள்.

அல்புமின் கசிவு இல்லையா? சரி, அம்லோடிபின், குளோர்தாலிடோன் போன்றவற்றிலும் தொடங்கலாம். அம்லோடிபினில் கணுக்கால் வீங்கலாம். குளோர்தாலிடோன் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றலாம்; அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை.

இன்சுலின் போடுபவர்களுக்கு அட்டெனலால் மாதிரி மாத்திரை எழுதியிருந்தால் ஒன்று சொல்லி அனுப்புவேன்: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பும் கை நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை பெரும்பாலும் தெரியும். திடீரென்று வியர்த்தால் மீட்டரில் பாருங்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்த வகை தேவைப்படலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பலருக்கு இலக்கு 130/80க்குக் கீழே. அதற்கு இரண்டு மருந்து தேவைப்படுவது சகஜம். அப்புறம், உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால், டோஸ் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.