சிஎம்யுகேம்2: பேசுகிறது, ஆனால் கேட்கவில்லை

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான சிஎம்யுகேம்2 கேமராவை ரோபோவில் மாட்டுமுன் கணினியோடு இணைத்தேன். பவர் போட்டதும் வெர்ஷன் வரியும் ':' குறியும் சரியாக வந்தன. கட்டளை தட்டினால் மட்டும் பதிலே இல்லை.

வரி ஒழுங்காக வருவதால், சீரியல் இணைப்பின் 115200 பாட் (தரவு போகும் வேகம்) அமைப்பில் கோளாறில்லை. கேபிளை மாற்றினேன். கேமராவைக் கழற்றிவிட்டு, யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரின் 2, 3 பின்களை (வாங்குவது, அனுப்புவது) கம்பியால் இணைத்துத் தட்டினேன். தட்டியது அப்படியே திரையில் திரும்பணும், ஆனால் எழுத்து திரும்பவில்லை. கன்வெர்ட்டர் போச்சு என்று புதிது வாங்கினால் அதுவும் அப்படியே!

கடைசியில் பார்த்தால், டெர்மினலில் (கட்டளை தட்டும் மென்பொருளில்) ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல், அதாவது எதிர்முனை தனிக் கம்பியில் அனுமதி தந்தால்தான் அனுப்பும் அமைப்பு, ஆனில் இருந்தது. கேமராவுக்கோ மூன்றே கம்பிகள், அந்த அனுமதிக்கான சிடிஎஸ் கம்பி கிடையாது. 'அனுப்பு' என்கிற அந்த சிக்னலுக்காகக் கணினி காத்தே கிடந்தது. கேமராவிலிருந்து வருவதை இந்த அமைப்பு தடுக்காது என்பதுதான் குழப்பிவிட்டது. அதை அணைத்ததும் ஏசிகே, அதாவது கட்டளை கிடைத்தது என்ற கேமராவின் பதில், வந்தது. அப்பாடா! அப்புறம், என்டர் தட்டினால், கட்டளை முடிந்தது என்று காட்டும் கேரேஜ் ரிட்டர்ன் குறி போகிறதா என்றும் பாருங்கள். வெறும் லைன் ஃபீடு (புது வரிக் குறி) போதாது.